கள்ளிச் செடி பூக்கவில்லையா?

சப்பாத்திக்கள்ளியைத் தெரியாத விவசாயி நம் பக்கத்தில் இருக்கமாட்டார். நாகதாளி என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் இது தென்னாட்டில் தரிசுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்துக்கொண்டு, உழவனை உள்ளே விடாமல் நின்றது. 1926ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு செதில் பூச்சிதான் அதைத் தின்று அடக்கியது. அந்தச் செடியின் உறவினத்தைத்தான் இன்று பலர் காசு கொடுத்து வாங்கி, தொட்டியில் வைத்து, பூக்காதா என்று காத்திருக்கிறார்கள். வாங்கும்போது பூ இருந்தது, அதன் பிறகு ஒரு மொட்டுகூட இல்லை என்பதே பெரும்பாலோர் முறையீடு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் கள்ளி என்று அழைக்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். கீறினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இங்கே நாம் பேசும் 'காக்டஸ்' இனங்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. இலங்கைக் காடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் மரங்களில் தொற்றி வளரும் ஒரே ஒரு வகைதான் இதற்கு விலக்கு. காக்டஸில் முள் நேராகத் தண்டிலிருந்து கிளம்பாது. சிறு பஞ்சு மெத்தை போன்ற ஒரு புள்ளியிலிருந்து கொத்தாக வரும். பூவும் குட்டியும் பெரும்பாலும் இந்த மெத்தையில்தான் தோன்றும். கடையில் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்கவும்.

மழையே எதிரி

கள்ளி பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் எருக் குறைவு அல்ல, தண்ணீர் மிகுதியே. மெக்சிகோ நாட்டில் இவை வளரும் பல இடங்களில் கோடையில் மழை பெய்யும், குளிர்காலம் வறண்டு கிடக்கும். வளர்ச்சி கோடையில், ஓய்வு குளிரில். அந்த ஓய்வுக் காலத்தில்தான் செடி மொட்டுக்குத் தயாராகிறது. நம் தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. செடி உறங்கவேண்டிய நேரத்தில் வேரில் தண்ணீர் நிற்கிறது. பிழைத்தால் உப்பிப் பருக்குமே தவிரப் பூக்காது. பிழைக்காவிட்டால் அடியில் அழுகும்.

இதை நான் புத்தகம் படித்துக் கற்கவில்லை. மொட்டை மாடியில் திறந்த வெளியில் வைத்திருந்த முப்பது தொட்டிகளை ஒரே ஐப்பசி அடைமழையில் இழந்த பிறகுதான் கற்றேன். மேலே பச்சையாக நின்றன. விரலால் தொட்டதும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. உள்ளே கூழாக இருந்தது.

ஆகவே புரட்டாசி மூன்றாம் வாரத்துக்குள் தொட்டிகளை மழை படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒளி புகும் பிளாஸ்டிக் தகட்டைக் கூரையாகப் போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால் போதும். நான்கு பக்கமும் மூடினால் ஈரக்காற்றே அழுகலைக் கொண்டுவரும். கார்த்திகை முதல் தை முடிய தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். மாதம் ஒருமுறை மண் லேசாக நனைந்தால் போதும். செடி கொஞ்சம் சுருங்கும். அதைப் பார்த்து மனம் இரங்கிக் குவளையை எடுக்கக்கூடாது.

மாசி பிற்பாதியில் வெயில் ஏறியதும் சிறிது சிறிதாகத் தண்ணீரைத் தொடங்கவும். சில வாரங்களில் பஞ்சுக்கிடையே சிவந்த அல்லது மயிரடர்ந்த புள்ளிகள் தெரியும். அவைதான் மொட்டுகள். அது தெரிந்த பிறகு தொட்டியைத் திருப்பி வைப்பதோ இடம் மாற்றுவதோ கூடாது, மொட்டு உதிர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் நண்பகல் வெயில் மட்டும் வடிகட்டி விழுமாறு பசுமை வலை கட்டவும். நம் வெயில் சில வகைகளின் தோலை வெளுக்கச் செய்துவிடும். அந்தத் தழும்பு ஆறாது.

தண்ணீரை மாலையில் ஊற்றுவது நல்லது. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளுக்கு ஒப்பான தோல் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமிப்பவை. ஊற்றும்போது நன்றாக ஊற்றி, மண் அடிவரை காய்ந்த பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். தினம் ஒரு கரண்டி என்பது எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். உப்புள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீர் மண்ணின்மேல் வெள்ளையாகப் படிந்து வளர்ச்சியைத் தடுக்கும். மழை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் மிகவும் உத்தமம்.

மண்ணும் தொட்டியும்

பொடியற்ற பருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை எரு ஒரு பங்கு. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், செங்கல்லை நொறுக்கிச் சலித்து, தூளை நீக்கி, பட்டாணி அளவில் உள்ளதைச் சேர்க்கலாம். ஒரு பிடி கரித்துண்டும் எலும்புத் தூளும் கலக்கவும். யூரியா வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் செடி குட்டி போடும், பூக்காது. தொட்டி செடியைவிட இரண்டு விரல் அகலம் அதிகமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைத் தேக்கி வைக்கும். மாற்றி நடும்போது மடித்த செய்தித்தாளைச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் கையில் ஏறாது. நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் காட்டக்கூடாது.

எதை வாங்கலாம்?

சமவெளியில் உள்ளவர்கள் மாமில்லேரியாவில் தொடங்கலாம். உச்சியைச் சுற்றி மாலை கட்டியதுபோல் சிறு பூக்கள் வளையமாக வரும். ஜிம்னோகேலிசியம் லேசான நிழலிலும் பூக்கும். ஆஸ்ட்ரோஃபைட்டத்தின் மஞ்சள் பூ உருவத்துக்கு மிஞ்சிய பெரிது. எக்கினாப்சிஸ் மாலையில் நீண்ட குழல் பூவை விரித்து மறுநாளே வாடிவிடும். அதன் குட்டிகளை அவ்வப்போது எடுத்துவிட்டால் தாய்ச்செடி பூக்கும். வெப்பத்தை விரும்பும் மெலோகாக்டஸ் நம் ஊருக்குப் பொருத்தமானது. வயது வந்ததும் உச்சியில் துருக்கித் தொப்பிபோல் ஒன்று கட்டி, அதிலிருந்து சிறு பூக்களைத் தரும். ரெபூஷியா, லோபிவியா போன்றவை குளிர் கேட்பவை. ஊட்டி, கொடைக்கானலில் உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம்.

பிரம்ம கமலம் என்று நம் வீடுகளில் வழங்கும் நிஷாகந்தியும் காக்டஸ்தான். இமயமலையின் உண்மையான பிரம்ம கமலத்துக்கும் இதற்கும் உறவில்லை. காட்டு மரங்களில் தொற்றி வளர்வதாகையால் மேலே சொன்ன கடுமை இதற்கு வேண்டாம். நிழலும் இலை மக்கும் அதிகம் தரவும். இலைபோலத் தோன்றும் தண்டை ஒரு சாண் நறுக்கி, வெட்டுவாய் காய்ந்தபின் நட்டால் வேர் விடும்.

கடையில் பச்சைக் கம்பின்மேல் சிவப்புப் பந்து உட்கார்ந்திருக்கும். அது பூ அல்ல, பச்சையம் இல்லாத செடி. கீழே உள்ள கள்ளியிலிருந்து உணவு உறிஞ்சி வாழ்கிறது. சில ஆண்டுகள்தான் நிற்கும். சில இடங்களில் உலர்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டியும் விற்கிறார்கள். மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு வாங்கவும். காட்டிலிருந்து பிடுங்கிய செடி என்று பெருமையடித்தால் வாங்கவே வேண்டாம். 1975 முதல் இவற்றின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பல வகைகள் பிறந்த இடத்திலேயே அருகிவிட்டன.

வட இந்தியா செல்வோர் அரியானா மாநிலம் பஞ்ச்குலாவில் 1987ல் அமைக்கப்பட்ட கள்ளித் தோட்டத்தைப் பார்த்துவரலாம். 7 ஏக்கரில் இருக்கிறது.

மாவுப்பூச்சி

முள் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் சந்தேகப்படவும். சப்பாத்திக்கள்ளியைத் தின்ற பூச்சிக்கு இதுவும் ஒருவகையில் உறவு. குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் தோய்த்துத் தொட்டால் சாகும். காரணமின்றிச் செடி வாடினால் தொட்டியைக் கவிழ்த்து வேரையும் பார்க்க வேண்டும். அடி அழுகத் தொடங்கினால் பழுப்பு நிறம் துளியும் தெரியாத இடம்வரை, கத்தியை ஒவ்வொரு முறையும் துடைத்து, சீவிக்கொண்டே போகவும். பிறகு கந்தகத் தூள் தடவி, நிழலில் இரண்டு வாரம் உலர்த்தி, காய்ந்த மணல்மேல் வைக்கவும். நான் இழந்த முப்பதில் நான்கை இப்படித்தான் மீட்டேன்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் ஒரே வகையில் இரண்டு செடிகள் வைத்திருக்க வேண்டும். பலவற்றில் தன் மகரந்தம் தனக்குச் சேராது. ஒரே குட்டியிலிருந்து பிரித்த இரண்டும் உதவாது. பூ விரிந்த நேரத்தில் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை மாற்றி வைக்கலாம். புது விதையைச் சலித்த மண்மேல் தூவி, கண்ணாடி மூடி நிழலில் வைத்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் பெரும்பாலும் முளைக்கும். நன்கு பராமரித்தால் மாமில்லேரியாவில் பல வகைகள் மூன்றாம், நான்காம் ஆண்டில் முதல் பூவைக் காட்டும்.