தையல் போட்ட பிறகுதான் வேலை

புல்டாக் இனத்துக்கு இயல்பான பிரசவம் அரிது. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்போ குறுகல். பிரிட்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் புல்டாக் ஈற்றுகளில் 86 சதவீதமும், பிரெஞ்சு புல்டாக் ஈற்றுகளில் 81 சதவீதமும் சிசேரியனில்தான் நடந்திருந்தன. அதே தட்டை மூக்குக் குடும்பத்தைச் சேர்ந்த பக் நாய்க்கும் சிக்கல் வர வாய்ப்பு உண்டு. பக் தோன்றிய 'ஹட்ச்' செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு நம் ஊர் வீடுகளில் பெருகிய இனம் அது. எங்கள் வீட்டிலும் ஒரு பக். அதுவும் சிசேரியனில்தான் குட்டி போட்டது.

நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். உடல் வெப்பம் 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும். பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வராவிட்டால், அல்லது முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சையாக நீர் வழிந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்பதற்கு அந்தப் பச்சை நிறம் அறிகுறி. ஸ்கேனில் குட்டியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 200க்கு மேல் இருக்க வேண்டும். 150க்கு இறங்கினால் மருத்துவர்கள் உடனே கத்தியை எடுத்துவிடுவார்கள்.

"ஒரு ஊசி போட்டா குட்டி வந்துடும்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஊசி ஆக்சிடோசின். குட்டி குறுக்கே அடைத்திருக்கும்போது அதைப் போட்டால் கர்ப்பப்பையே கிழியலாம். பரிசோதிக்காமல் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அறுவையைவிட எங்களைக் கலங்கடித்தது முதல் இரவு. மயக்கம் தெளியாத தாய்க்குத் தான் ஈன்றதே தெரியாது. எங்கள் பக் முதல் குட்டியைப் பார்த்து உறுமியது. குட்டிகளைத் துடைத்த துணியைக் கழுவாமல் அதன் பக்கத்தில் போட்டு வைத்தோம். தலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குட்டியாகக் காம்பில் வைத்தோம். விடியும் நேரத்தில் அதுவாகவே நக்கத் தொடங்கியது. தாய் நிலையாக நடக்கும்வரை குட்டிகளை அதனிடம் தனியே விடவே கூடாது. மேலே படுத்து நசுக்கிவிடும். அதற்காகச் சீம்பாலையும் தள்ளிப்போட முடியாது, முதல் நாளிலேயே குடித்தாக வேண்டும்.

பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைக் காக்க முடியாது. முதல் வாரம் அது படுக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஆனால் தாய்க்கு அந்தச் சூடு ஆகாது, எழுந்து தள்ளிப் படுக்க இடம் விடுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள். முதலில் மெல்லச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. தினமும் எடை பாருங்கள். பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும்.

தையல் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். தையலைக் கீறாதபடி குட்டிகளின் நகத்தை நறுக்கிவிட்டு, காலையும் மாலையும் தையலைப் பார்த்தாலே போதும். 10 முதல் 14 நாளில் பிரித்துவிடுவார்கள். பிறப்புறுப்பிலிருந்து செம்பழுப்பாக வடிவது சில வாரம் நீடிக்கும், அது இயல்பு. நாற்றமோ சீழோ காய்ச்சலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள மாத்திரையைத் தராதீர்கள்: இபுபுரூஃபன் நாய்க்கு நஞ்சு.

பிள்ளை பெற்றவளுக்குப் போல நாய்க்கும் பத்தியம் என்று ரசம் சோறு வைக்கும் வீடுகள் இருக்கின்றன. பாவம் அந்தத் தாய்! பால் நிறையச் சுரக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் அதற்கு வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு உணவு வேண்டும். அந்த நாட்களில் நடுக்கம், விறைப்பு, ஓயாத இளைப்பு தென்பட்டால் ரத்தத்தில் கால்சியம் சரிந்திருக்கலாம்; சில மணி நேரத்தில் உயிர் போகலாம். சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக் ஊற்றுவது இதைத் தடுக்காது. உடல் தானே கால்சியம் எடுக்கும் பழக்கத்தை அது மந்தமாக்கிவிடும்.

இனிக் குட்டி வேண்டாம் என்றால், சிசேரியனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். தாயின் உடல்நிலை இடம் கொடுத்தால் அதே அறுவையிலேயே கருத்தடையும் செய்துவிடலாம். அதனால் பால் வற்றாது.