கூஸ் வாத்து கோழியல்ல: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தோப்புக்கும் பண்ணை வீட்டுக்கும் காவலாக கூஸ் வாத்து வாங்கி விடுவோர் தமிழ்நாட்டில் பெருகிவிட்டார்கள். நெற்றியில் புடைப்பும் நீண்ட கழுத்தும் கொண்ட இந்தப் பறவை அந்நிய ஆளைக் கண்டால் ஊரையே கூட்டிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டுகள்கூட வாழும். ஆனாலும் எத்தனையோ குஞ்சுகள் கால் வளைந்தும், இறக்கை கோணியும், மெலிந்தும் போய்விடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. கோழி வளர்த்துப் பழகிய கையோடு இதையும் வளர்ப்பதுதான் சிக்கல். கூஸ் வாத்து மேய்ந்து வாழ்கிற பறவை. அதன் தீனி, இறகு, புழு எல்லாவற்றையும் இந்த ஒன்றிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: மிஞ்சிய சோறும் ரொட்டியும் போட்டாலே வளர்ந்துவிடும்.

உண்மை: சோறும் ரொட்டியும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. அவற்றில் மாவுச்சத்துதான் மிகுதி. அதையே தின்று பழகிய பறவைக்கு மேய்ச்சலில் நாட்டம் போகும், கொழுப்பு ஏறும், முட்டை குறையும். அன்றாடத் தீனியாக அருகம்புல், குதிரைமசால், வேலிமசால், கீரைக் கழிவு, அசோலா போன்ற பசுந்தீனிதான் இருக்க வேண்டும். தானியமும் தவிடும் அதற்குத் துணை. பல் இல்லாத பறவை என்பதால் தீனியை வயிற்றுக்குள் அரைக்கச் சிறு கற்கள் தேவை. கொட்டிலிலேயே அடைத்து வைப்பவர்கள் ஒரு தட்டில் பருமணல் வைத்துவிடுங்கள்.

நம்பிக்கை: புல் தின்கிற பறவைக்குத் தனித் தீனி எதற்கு?

உண்மை: மாட்டுக்கு இருப்பதுபோல அசைபோடும் வயிறு இதற்குக் கிடையாது. இளம்புல்லிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும். முற்றிக் காய்ந்த கோடைப் புல்லிலிருந்து எடுக்க முடியாது. நல்ல பசும்புல் இருக்கும் மாதங்களில் வளர்ந்த பறவை ஏறக்குறைய அதிலேயே காலம் தள்ளும். குஞ்சு அப்படி அல்ல. முதல் 3 வாரம் அதற்கு 20 சதவீதத்துக்குக் குறையாத புரதம் வேண்டும். நயாசின் என்னும் பி வைட்டமினும் கோழிக்குஞ்சுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். மக்காச்சோளத்தில் உள்ள நயாசின் பறவைக்குக் கிடைக்காத வடிவில் கட்டுண்டு கிடப்பதால், அதையே நம்பினால் குஞ்சின் முழங்கணு வீங்கும், கால் வில்லாக வளையும். தீனியோடு ஈஸ்ட் தூள் சிறிது கலந்து கொடுத்தால் இந்தக் குறை வராது.

நம்பிக்கை: சத்து கூடக் கூட நல்லதுதானே!

உண்மை: 3, 4 வாரத்துக்குப் பிறகும் பிராய்லர் ஸ்டார்ட்டர் தீனியை அள்ளிப் போட்டால் இறகு எலும்பை முந்திக்கொண்டு வளரும். அந்தக் கனத்தைத் தாங்க முடியாமல் இறக்கையின் கடைசி மூட்டு வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும். திரும்பத் தொடங்கிய உடனே தீனியைக் குறைத்து, பறவையைப் புல்லில் நடமாடவிட்டு, இறக்கையை இயல்பான மடிப்பில் சில நாள் மென்மையாகக் கட்டிவைத்தால் சரியாகும். எலும்பு முற்றிய பிறகு சரிசெய்ய முடியாது. 3, 4 வாரத்துக்குப் பிறகு 15 சதவீதம் அளவு புரதமே போதும்.

நம்பிக்கை: பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடலாம்.

உண்மை: பூசணம் உதிரும், அது விட்டுச்சென்ற நஞ்சு உதிராது. 1960இல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்குதான் அதற்குக் காரணம். அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு கண்டறியப்பட்டதே அந்தச் சாவுகளை ஆராய்ந்தபோதுதான். வாத்தினப் பறவைகளின் ஈரலை இது கோழியைவிட எளிதில் தாக்கும். அப்படிப்பட்ட புண்ணாக்கை விலை பாராமல் தூக்கி எறியுங்கள்.

நம்பிக்கை: இறகு கொட்டினால் நோய். முட்டையும் நின்றுவிட்டதால் தீனியைக் குறைக்கலாம்.

உண்மை: முட்டைப் பருவம் முடிந்தபின் கூஸ் வாத்து பறக்கும் இறகுகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். ஆணும் உதிர்க்கும். 5, 6 வாரத்தில் அவை புதிதாக முளைத்துவிடும். இது ஆண்டுதோறும் நடக்கும் இயல்பான மாற்றம். இறகு என்பது பெரும்பகுதி புரதமே. ஆகவே தீனியைக் குறைக்க வேண்டிய காலம் அல்ல இது, கூட்ட வேண்டிய காலம். பயறு வகை, நல்ல புண்ணாக்கு, அசோலா இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும், ஒடிந்தால் கொட்டும். எனவே இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், விரட்டாதீர்கள். இறகு இரு பக்கமும் ஒரேபோல் உதிர்ந்து புது முளை தெரிந்தால் கவலை வேண்டாம். திட்டுத்திட்டாகத் தோல் சிவந்து, முளையே இல்லாமல், பறவையும் சோர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை: தண்ணீரில் குளிக்கும் பறவைக்குப் பேன் வராது. வந்தால் மண்ணெண்ணெய் தடவினால் போதும்.

உண்மை: பேன் பிறந்து சாகும்வரை இறகுக்குள்ளேயே வாழும். குளியலால் அது போகாது. ஆனால் குளித்து, இறகைக் கோதி, எண்ணெய் பூசிக்கொள்ளும் பறவையிடம் அது பெருகாது. தலை முழுவதும் அமிழும் ஆழத்திலாவது நாள்தோறும் நல்ல தண்ணீர் வையுங்கள். கண்ணும் மூக்கும் கழுவப்பட அது வேண்டும். சிவப்புச் செள் என்ற ஒட்டுண்ணி வேறு வகை. பகலில் கொட்டிலின் விரிசலில் ஒளிந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பறவைக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது, கொட்டிலையும் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், இறகின் நீர் ஒட்டாத் தன்மையைக் கெடுக்கும். கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

நம்பிக்கை: மாதாமாதம் புழு மருந்து கொடுத்தால் கவலை இல்லை.

உண்மை: கூஸ் வாத்தின் பெரிய எதிரி, தீனியை அரைக்கும் தசைப்பையின் உள்தோலில் வாழும் அமிடோஸ்டோமம் என்ற புழு. எச்சத்தோடு விழும் முட்டைகளிலிருந்து வெளிவரும் இளம்புழுக்களைப் பறவை புல்லோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. பெரிய பறவை தாங்கிக்கொள்ளும், குஞ்சு இரத்தம் குறைந்து மெலிந்து சாகும். அதனால் முதல் மருந்து மேய்ச்சலை மாற்றுவதுதான். இடத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். பெரியவை மேய்ந்து எச்சமிட்ட இடத்தில் குஞ்சுகளை விடாதீர்கள். ஓயாமல் மருந்து கொடுத்தால் புழுக்களுக்கு அது பழகிவிடும். ஃபென்பென்டசோல் போன்ற மருந்தை இறகு முளைக்கும் காலத்தில் கொடுத்ததால் இறகு பழுதாக முளைத்ததும் சில பறவையினங்களில் காணப்பட்டிருக்கிறது. எச்சத்தைச் சோதித்துப் பார்த்து, அளவும் காலமும் மருத்துவர் சொன்னபடியே கொடுக்க வேண்டும்.

மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளில் எச்சப் பரிசோதனை செய்கிறார்கள். கூஸ் வாத்து வாங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: மாறி மாறி மேயவிடப் பசும்புல் தரை உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், காவலுக்கு என்ற பெயரில் ஒரு மேய்ச்சல் பறவையைச் சிமென்ட் தரையில் அடைத்து வைக்காதீர்கள்.