இருபத்துநான்கு டிகிரி போதும்

கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸில் தொடங்குகின்றன. அவற்றை எழுதியவர்களின் ஊரில் குழாயைத் திறந்தாலே அந்தக் குளிர்ச்சி கிட்டத்தட்ட வந்துவிடும். தஞ்சாவூரில் சித்திரை, வைகாசிப் பகலில் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். ஆழ்குழாய்த் தண்ணீரும் வெதுவெதுப்புதான். ஆகவே நாலுக்கு ஐந்து அங்குல ஷீட் ஃபிலிமை வீட்டில் கழுவ நினைப்பவர், டெவலப்பரைத் தேர்வதற்கு முன்பே, எந்தச் சூட்டில் நிற்பது, அதை எப்படிக் காப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். என் முடிவு: 24 டிகிரி, சுழல் தொட்டி.

ஊருக்கு ஏற்ப முறையை மாற்றுவது இங்கே புதிதல்ல. 1858இல் பெரிய கோயிலைப் படமெடுத்த லினேயஸ் டிரைப் பெரும்பாலும் நம்பியது மெழுகிட்ட காகித நெகட்டிவைத்தான். ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் வெயில் அதற்கு அவகாசம் தராது. காகிதத்தை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு, பிறகு நிதானமாகக் கழுவலாம். விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 நெகட்டிவ்களில் எடுத்து, சுமார் 19 அடி நீளப் படமாக ஒட்டியது அந்த முறையில்தான். பின்னாளில் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஊட்டிக்குப் போனதில் குளிருக்கும் பங்குண்டு. ஃபிலிம் மலையில் பிறந்தாலும் அதைக் கழுவியவர்களில் அநேகர் சமவெளிக்காரர்கள்.

தட்டில் கழுவுவது மலிவாயிற்றே, சுழல் தொட்டிக்கு எதற்குச் செலவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தட்டில் ஒரு லிட்டர் டெவலப்பர் திறந்து கிடக்கும். அறைக்காற்றும் இருட்டில் ஷீட்டைப் புரட்டும் விரல்களும் சேர்ந்து அதைச் சூடாக்கும். சூட்டில் ஊறி இளகிய ஜெலட்டினை நகம் எளிதில் கீறிவிடும். நீர் ஊற்றிய டப்பில் உருளைகள் மேல் படுத்துச் சுழலும் தொட்டியிலோ கால் லிட்டர் சொச்சம் திரவம் உட்சுவரில் மெல்லிய படலமாக ஓடுகிறது; வெளியே இருக்கும் பத்து லிட்டர் நீரின் சூட்டையே அதுவும் பிடித்துக்கொள்கிறது. தொட்டிக்குக் கொடுக்கும் விலை இந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான். ஏ.சி. போட்டால் தீராதா? அறை குளிரும், குழாய் குளிராது. கழுவி முடித்த ஃபிலிமை 33 டிகிரி ஓடும் நீரில் காட்டினால், அதுவரை பட்ட பாடு அங்கே கெட்டுப்போகும்.

முந்தின இரவே இரண்டு பாட்டில் தண்ணீரை உறைய வையுங்கள். மண்பானையிலும் ஒரு குடம் நிரப்பி வையுங்கள். விடியற்காலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் பானைத் தண்ணீரை ஊற்றி, உறைந்த பாட்டிலை மிதக்கவிட்டு, 24 டிகிரி வந்ததும் எடுத்துவிடுங்கள். ஐஸ்கட்டியை நேரடியாகப் போட்டால் நீர்மட்டம் ஏறி, தொட்டி உருளையை விட்டு மிதந்துவிடும். டெவலப்பர், ஃபிக்ஸர் பாட்டில்களும் ஐந்து லிட்டர் அலசு நீரும் அதே சூட்டுக்கு வர வேண்டும். டெவலப்பரைக் கேன் தண்ணீரில் கலக்குங்கள். நம் நிலத்தடி நீரின் உப்பை நம்ப வேண்டாம்.

ஃபிலிமை முழு இருட்டில் ஏற்ற வேண்டும். ஷீட்டை நெடுவாக்கில் பிடிக்கும்போது ஓர வெட்டுகள் வலது மேல் மூலையில் தட்டுப்பட்டால், மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் உள்நோக்கி இருக்க வேண்டும். வியர்த்த கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள். ஜோபோ 2509என் ரீல் ஆறு ஷீட் கொள்ளும்; அது உட்காரும் 2520 தொட்டிக்குக் கிடைநிலையில் 270 மில்லி போதும் என்கிறார்கள். ஃபிலிமை நனைக்க அது போதும், கழுவப் போதுமா என்பது வேறு கணக்கு. ஐடி-11 டெவலப்பரின் நீர்க்காத கரைசல் (ஸ்டாக்) ஒரு லிட்டரில் பத்து ரோல் கழுவலாம். நாலு ஷீட் ஒரு ரோலுக்குச் சமம். அப்படியானால் ஆறு ஷீட்டுக்கு 150 மில்லி ஸ்டாக் வேண்டும். சம அளவு நீர் சேர்த்து 300 மில்லியாக ஊற்றுங்கள். நீர்க்காமல் ஊற்றினால் 24 டிகிரியில் நேரம் ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும்; அவ்வளவு குறுகிய நேரத்தில் திட்டுத்திட்டாகக் கழுவப்படும் அபாயம் உண்டு.

முன்னதாக ஃபிலிமை வெறும் நீரில் நனைப்பதா என்பதில் தயாரிப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. இல்ஃபோர்ட் வேண்டாம் என்கிறது. சுழற்றிக் கழுவும்போது நேரத்தை 15 சதவீதம் வரை குறைக்கவும் சொல்கிறது. ஜோபோ ஐந்து நிமிடம் நனைக்கச் சொல்கிறது. நனைத்தால் நேரத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்கிறது. இந்த ஊரில் நான் ஜோபோ பக்கம். வெயில் ஏறிய அறையில் கிடந்த தொட்டியையும் ரீலையும் அந்த ஐந்து நிமிடம் 24 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு யோசனையையும் சேர்த்துச் செய்தால் மட்டும் நெகட்டிவ் மெலிந்துபோகும். ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு இந்த நீர்ப்பில் 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது 24இல் ஏறக்குறைய 9 ஆகிறது. தொட்டி மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்க ஓரம் நனையாது. இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று, நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை திசை மாற்றம். கையால் உருட்டினாலே போதும்.

ஓயாமல் சுழற்றினால் வெளிச்சப் பகுதிகள் அடைத்துப்போகும், ஓரக் கூர்மையும் மழுங்கும் என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. நண்பகலில் சுண்ணாம்புச் சுவரையும் மண்டப இருளையும் ஒரே சட்டத்தில் எடுத்தவருக்கு அது உறைக்கும். முதல் ஆறு ஷீட்டைப் பார்த்துவிட்டு, வெளிச்சங்கள் கெட்டிப்பட்டிருந்தால் அடுத்த முறை ஒரு நிமிடம் குறையுங்கள். கூர்மை குறைவதை நான் பொருட்படுத்துவதில்லை. இந்த அளவு நெகட்டிவை நாலைந்து மடங்கு பெரிதாக்கினாலும் அது கண்ணில் படாது.

பிறகு அரை நிமிடம் நீர், ஒன்றுக்கு நாலு ரேபிட் ஃபிக்ஸரில் ஐந்து நிமிடம். அலசுவதற்கு ஓடும் நீர் வேண்டாம். தொட்டியை நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டுங்கள். புது நீரில் 10 முறை, இன்னொரு நீரில் 20 முறை. எடுத்து வைத்த ஐந்து லிட்டர் இதற்குத் தாராளம். கடைசியாகப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரில் ஒருமுறை முக்கினால் உப்புப் புள்ளி விழாது. குளியலறையில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள். அறுவடை இயந்திரம் ஓடும் தை, மாசியில் வைக்கோல் தூசி எங்கும் பறக்கும், ஃபேன் போட்டால் அது ஃபிலிமில்தான் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய ஒரு நாள் ஆனாலும் காத்திருங்கள்.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது. வீட்டுச் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்ந்து யார் வயலுக்குப் போகிறது என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைத்து, துருப்பிடிக்கும் வகை இரும்பு நாரை அதில் ஊறப்போடுங்கள். சில நாளில் வெள்ளி கருஞ்சேறாக அடியில் தங்கும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு உதவாது.