வீட்டுக் கொல்லையில் காய்கறித் தோட்டம்

நெல்லும் கடலையும் விளைவிக்கும் நாம், ஒரு கட்டுக் கீரைக்காகக் கடைக்குப் போகலாமா? வீட்டருகே ஒரு சென்ட், அதாவது சுமார் 40 சதுர மீட்டர் நிலம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி ஆகியவற்றை வடக்கு ஓரத்தில் நடவும். பாத்திகளில் நிழல் விழாது. குளியல் தண்ணீரை வாழைக்கு விடவும், கீரைக்கு வேண்டாம்.

புதிதாகத் தொடங்குவோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்து விடுகிறார்கள். சில நாள் காய் மிஞ்சுகிறது, பிறகு ஒன்றுமில்லை. தோட்டமும் கைவிடப்படுகிறது. ஆகவே நான்கு பாத்திகள் அமைத்து, கீரை, வெண்டை, கொத்தவரை, தக்காளி எனப் பிரித்துக் கொள்ளவும். கீரை, வெண்டைப் பாத்திகளில் முதலில் பாதியை விதைத்து, மறுபாதியை 15 நாட்கள் கழித்து விதைக்கவும். கீரை விதையை மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். தண்டுக்கீரையை 25 முதல் 30 நாட்களில் பறிக்கலாம். வெண்டை சுமார் 45 நாட்களில் காய்க்கும். தக்காளியை 25 நாள் நாற்றாக நடவும். அது முடிந்த பாத்தியில் கத்தரி, மிளகாய் வேண்டாம், நோய் தொடரும். கொத்தவரை போடலாம்.

வயலுக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிமருந்தை இங்கே தெளிக்கவே கூடாது. காலையில் பறிப்பதை மதியம் நம் குழந்தைகள் உண்கிறார்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும்.

ஆடிப்பட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் இருந்தால் கீரைப் பாத்தியை இந்த வாரமே தொடங்குங்கள்.