ஓர் உயிரணுவின் நீளம்

நுழையும்முன்

திருப்பூரின் பின்னலாடையில் ஓர் இழையைப் பிரித்தெடுத்து நோக்கினால், அது ஒரே ஓர் உயிரணு என்பது வியப்பளிக்கும். உயிரணு எந்த அளவில் அமைகிறது என்பது அதன் பணியையும் அதனை நம்பி வாழும் மக்களின் தொழிலையும் தீர்மானிக்கிறது.

அளவின் எல்லை

1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஊக் நுண்ணோக்கியில் தக்கையை ஆராய்ந்து, தாம் கண்ட சிற்றறைகளைச் ‘செல்’ என அழைத்தார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரோமீட்டர் ஆகும். பாக்டீரியாக்கள் பலவும் சில மைக்ரோமீட்டர் நீளமே உடையவை. மனிதரின் சிவப்பணு ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் விட்டமுடையது.

உயிரணுக்கள் பெரும்பாலும் சிறியனவாக இருப்பதற்குக் கணக்கு ஒன்று காரணமாகிறது. பக்கம் 1 அலகுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6; கன அளவு 1. பக்கத்தை 2 ஆக்கினால் மேற்பரப்பு 24. கன அளவு 8. விகிதம் ஆறிலிருந்து மூன்றாகக் குறைகிறது. உணவும் உயிர்வளியும் மேற்பரப்பின் வழியே நுழைகின்றன. அவற்றைச் செலவிடுவதோ உள்ளிருக்கும் கன அளவு. உடல் பருக்கப் பருக்க வாயில் போதாமற்போகிறது.

பருத்தி கண்ட வழி

பூ மலரும் நாளையொட்டி, விதையின் புறத்தோல் உயிரணுக்கள் சில மேலெழுந்து நீளத் தொடங்குகின்றன. ஏறத்தாழ மூன்று வாரங்களில் அவை 30 மில்லிமீட்டர் அளவுக்கு நீள்வதுண்டு. அகலமோ ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர்தான். பருக்காமல் நீள்வதால், உட்பகுதிக்கும் மேற்பரப்புக்கும் இடையேயுள்ள தொலைவு கூடுவதில்லை. நடுவிலுள்ள பெரிய நுண்குமிழி, உயிர்ப்பொருளைச் சுவரோரமாக ஒதுக்கிவைக்கிறது.

அடுத்துச் சுவரின் உட்புறத்தில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிகிறது. காய் வெடித்ததும் ஈரம் வற்றி உயிரணு இறக்கிறது. உருளை வடிவம் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அம்முறுக்கே நூற்கும்போது இழைகள் ஒன்றையொன்று பற்ற உதவுகிறது.

நீண்ட இழை மெல்லிய, வலிமையான நூலைத் தருகிறது. முதிராத இழையில் செல்லுலோஸ் குறைவு; அது சாயத்தைச் செவ்வனே ஏற்பதில்லை. சாயமிட்ட துணியில் வெளிறிய புள்ளிகள் தோன்ற இதுவும் ஒரு காரணம். வயலில் நிறைவு பெறாத உயிரணு, பின்னலகத்தில் குறையாக வெளிப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட ‘சுவின்’ என்னும் மிகநீள இழைப் பருத்தியின் பெயர், அதன் பெற்றோரான ‘சுஜாதா’, ‘செயின்ட் வின்சென்ட்’ ஆகிய இரண்டன் பெயர்களையும் இணைத்து அமைந்தது.

நொய்யலும் நுண்ணுயிரும்

சாயக்கழிவால் நொய்யல் சீர்கெட்டது. கழிவுநீர் வெளியேற்றம் அறவே நீங்கும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சுத்திகரிப்பில் பங்கேற்பவை மிகச்சிறிய உயிரணுக்களான பாக்டீரியாக்கள். கன அளவைவிட மேற்பரப்பு மிகுந்திருப்பதால், அவை கரிமக் கழிவை விரைந்து உட்கொண்டு சிதைக்கின்றன. எனினும் சாயமிடலில் கரைந்த உப்பை அவை உண்ண இயலாது. அதனை நீக்கச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் தேவைப்படுகின்றன.

நீண்ட உயிரணு ஊருக்குத் தொழில் தந்தது. குறுகிய உயிரணு ஆற்றைக் காக்கத் துணைநிற்கிறது. ஒவ்வோர் உயிரணுவின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை அறிந்து தொழில் செய்வதே நொய்யல் கற்பித்த பாடம்.

கற்பவை கற்றபின்

பக்கம் 4 அலகுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு, கன அளவு விகிதத்தைக் கண்டறிந்து, உயிரணுவின் அளவோடு தொடர்புபடுத்தி உரையாடுக.