கடலில் முளைத்த தீவும் ஒரு காவலரின் சறுக்கலும்

அன்புள்ள தம்பிக்கு,

டெர்ரி பிராட்செட் 1997இல் எழுதிய ‘ஜிங்கோ’ நாவலைப் படித்துவிட்டு, போரை வைத்துச் சிரிப்பு மூட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். நடுக்கடலில் லெஷ்ப் என்ற தீவு திடீரென மேலெழ, ஆங்க்-மார்ப்போர்க் நகரமும் க்ளாட்ச் நாடும் அதற்காகப் படை திரட்டுகின்றன. வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதே. 1831இல் சிசிலிக்குத் தெற்கே எரிமலை வெடித்து ஒரு தீவு தலைகாட்டியது. பிரிட்டன், பிரான்ஸ், இரு சிசிலிகளின் அரசு மூன்றும் ஆளுக்கொரு பெயர் சூட்டி உரிமை கொண்டாடின. ஏறக்குறைய ஆறே மாதத்தில் அலை அதைக் கரைத்துவிட்டது. 1970 புயலுக்குப் பின் வங்கக் கடலில் தெரிந்த மணல்திட்டுக்கு இந்தியாவும் வங்கதேசமும் போட்டியிட்ட கதையும் இதே வகைதான்.

ஆனால் வெறியர்களை மட்டும் கேலி செய்திருந்தால் இது சாதாரணப் புத்தகம். எதிரியை இகழும் ஆங்க்-மார்ப்போர்க் காவலர் சார்ஜென்ட் கோலனைப் பார்த்து நாம் சிரிக்கும்போது, அந்நகரின் காவல் தளபதி வைம்ஸின் பக்கத்தில் நின்று, நாம் அப்படியில்லை என்று நிம்மதி கொள்கிறோம். அங்கேதான் ஆசிரியர் காலை வாருகிறார். க்ளாட்ச் இளவரசர் தாக்கப்பட்டபோது, தடயங்கள் பச்சையாக க்ளாட்சைக் காட்டுவதால், யாரோ தன் ஊர்க்காரர்தான் அவற்றைப் போட்டுவைத்தார் என்று வைம்ஸ் முடிவு கட்டுகிறார். சதிகாரரோ இளவரசரின் சொந்த அண்ணன். அந்நியரைக் கெட்டவராக மட்டும் பார்ப்பதைப் போலவே, சூதறியாத அப்பாவியாக மட்டும் பார்ப்பதும் அவரை முழு மனிதராக மதிக்காததுதான். இந்த இரண்டாவது சறுக்கலை, படித்த நம்மிடம் கோபமூட்டாமல் காட்ட, சிரிப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சாவு இங்கே லேசாகிவிடுகிறதே என்பாய். வைம்ஸின் நாட்குறிப்புக் கருவிக்குள் இருக்கும் குட்டிப் பூதம், அவர் க்ளாட்சுக்குப் போகாமல் ஊரிலேயே தங்கியிருந்தால் நடந்திருக்கும் இன்னொரு காலத்தின் செய்திகளைத் தவறுதலாக வாசிக்கிறது: அவருடைய காவலர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சந்திப்பு நேரம் சொன்ன அதே குரலில் இதையும் சொல்கிறது. அந்தப் பக்கங்களில் உனக்குச் சிரிப்பு வந்ததா?

லெஷ்ப் தீவு கடைசியில் மூழ்கிவிடுவது வசதியான முடிவு என்ற குறையில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியைக் கவனி. தீவு மூழ்கும் என்று தெரிந்தே சரணடைந்து போரைத் தவிர்த்த ஆங்க்-மார்ப்போர்க் ஆட்சியாளர் வெட்டினாரியை அவருடைய நகரமே துரோகி என்று விசாரிக்கிறது. தீவு மறைந்ததால் சரணாகதி செல்லாமல் போய், குற்றச்சாட்டு தள்ளுபடியாகிறதே தவிர, குற்றம் சாட்டியவர் ஒருவரும் மனம் மாறவில்லை.

அன்புடன்,
அண்ணன்