ஷோகேஸ் அடியில் தண்ணீர்

கேள்வி: பேக்கரி வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்தால், கேக் வைக்கும் கூலிங் ஷோகேஸுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கேஸ் லீக் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
- ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: கேக் வழக்கம்போல் குளிர்ந்திருந்தால் கேஸுக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். தரையில் நிற்பது காற்றிலிருந்த ஈரம். அது உள்ளே காயிலில் பனியாகப் படியும். பிறகு உருகி, ஒரு சின்னத் துளை வழியாக அடித்தட்டில் இறங்கும். பல ஷோகேஸ்களில் கம்ப்ரசர் சூட்டிலேயே அது ஆவியாகிவிடும்.

பேக்கரியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தத் துளையைத்தான். கேக் தூளும் கிரீமும் குளிரில் மெழுகுபோல் இறுகி அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, பனி உருகியபின், பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை அடியுங்கள். கம்பியால் குத்தாதீர்கள். காயிலில் ஓட்டை விழுந்தால் மெக்கானிக் வாக்கு பலித்துவிடும்!

அடுத்து கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிக்கண்ணாடி வியர்ப்பது வேறு கதை. அது லீக் அல்ல.

அரியலூரில் சிமென்ட் லாரி ஓடும் சாலையோரம் கடை வைத்திருப்பவர்கள் கண்டென்சர் தூசியையும் பார்க்க வேண்டும். தூசி அடைத்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். பனி உருக இடைவெளியே கிடைக்காது.

ஆமாம், கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறீர்களா? அப்படியானால் பகலில் சேர்ந்த பனியெல்லாம் மொத்தமாக உருகும், அடித்தட்டு கொள்ளாது.